பதினோரு நாள் தீவனம்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே நம்மில் ஒருவர் வைத்துவிடுகிறோம். பதினான்கு மாதமாக அந்தப் பேச்சும் இல்லை. அதனால் கடிதம்.

வேலை விஷயமாகத்தான் எழுதுகிறேன். நீ வேலை செய்யும் விலங்குக்கூடத்தில், ஆய்வுக்காக வளர்த்த நம் கொழுத்த எலிகளுக்குக் கொடுத்தோமே அந்த எண்ணெய், அதை மாத்திரையாக்கி இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நாற்பது பேருக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள். என் கட்டுரையை நம்பித்தான். இதற்கு அனுமதி தரும் கமிட்டிக்காரர்கள் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டிருக்கிறார்கள்: எலிகளுக்குக் கொடுத்த தீவனம் கெடாமல் இருந்ததா? அதற்குச் சோதனைச் சான்று வேண்டுமாம்.

ஒவ்வொரு முறை தீவனம் கலக்கும்போதும் ஒரு கரண்டி எடுத்துத் தேதி எழுதிப் புட்டியில் போட்டு ஃப்ரீசரில் வைப்பாயே, அந்தப் புட்டிகளை ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பு. கடைசி இரண்டு வாரத்துப் புட்டிகள் மட்டும் போதும். மார்ச் இருபதுக்குள் கமிட்டிக்குச் சான்று போய்ச் சேர வேண்டும்.

அந்த எண்ணெயில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நீ ஒருமுறை கேட்டாய். “உனக்கெதுக்கு, சொன்னதைச் செய்” என்றேன். இப்போது சொல்கிறேன். அது சாதாரணக் கொழுப்பு அமிலம்தான். சங்கிலி மாதிரி நீளமாக இருக்கும். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை எடுத்துவிட்டுக் கந்தகத்தை மாட்டியிருக்கிறோம். அதனால் உடம்பு அதை வழக்கம்போல எரித்துத் தீர்க்க முடியாது. கொழுத்த உடம்பில் கொழுப்பெல்லாம் மெல்ல மெல்லத் துருப்பிடிக்கிறது. அதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். இந்தக் கந்தகம் காவலுக்கு நின்று அந்தத் துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். வெறும் எண்ணெய் தின்ற பதினெட்டு எலிகளின் ரத்தத்தில் துரு ஏராளம். நம் எண்ணெய் தின்ற பதினெட்டில் பாதிகூட இல்லை. அவ்வளவுதான் என் கட்டுரை. எனக்கு இந்த வேலையும் இந்த அறையும் கிடைத்தது அதனால்தான்.

வீட்டு வரி கட்டினாயா? மாடிக் குழாய் ஒழுகுவது நின்றதா? உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 12

அக்காவுக்கு,

கவர்மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். சரியில்லாமல் போவதற்கு நம் வீட்டில் இனி ஆளே இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

குழாய் ஒழுகுகிறது. அடியில் வாளி வைத்திருக்கிறேன். வாளி நிறைந்ததும் எடுத்து ஊற்றுகிறேன். அது ஒரு வேலை.

விலங்குக்கூடத்தில் இப்போது அறுபது சுண்டெலி வந்திருக்கிறது. எல்லாம் ஒல்லிக்குச்சிகள். அங்கே இங்கே ஓடுகின்றன, கையில் நிற்பதில்லை. உன் எலிகள் அப்படியா? தீவனத் தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சேதியே போகாத பிறவிகள். என்னைப் பார்த்தால் சொந்தக்காரன் வந்துவிட்டான் என்று நினைத்திருக்கும். அம்மா என்னைக் குண்டு என்றுதானே கூப்பிடுவாள். நீயும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். இப்போது என்னை யாரும் குண்டு என்று சொல்ல முடியாது. இடுப்பு வாரில் ஆணியால் மூன்று ஓட்டை புதிதாகப் போட்டிருக்கிறேன். எப்படி இளைத்தாய் என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் அவர்கள் முகம் மாறிவிடுகிறது. அதனால் நடக்கிறேன் என்று சொல்கிறேன்.

ஃப்ரீசர் அறைச் சாவி கால்நடை டாக்டரிடம் இருக்கிறது. அவர் லீவு. வந்ததும் பார்க்கிறேன்.

வேலை விஷயம் என்று நீ ஆரம்பித்ததால் நானும் ஒரு வேலை விஷயம் கேட்கிறேன். அம்மா போன மூன்றாம் நாள் நீ ரயிலில் வந்து இறங்கினாய். வீட்டுக்கு வருவாய் என்று கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ நேரே விலங்குக்கூடத்துக்குப் போய், அங்கிருந்து ஆள் அனுப்பினாய். நான் வந்ததும் கையுறையைப் போட்டுக்கொண்டு, “முதல் எலியை எடு” என்றாய். முப்பத்தாறு எலி. பிடித்துக் கொடுத்தேன். நீ அறுத்தாய், ரத்தம் எடுத்தாய், ஈரலை எடுத்தாய், எடை சொன்னாய், நான் எழுதினேன். மாலை ஐந்து மணிவரை எலி எண்ணையும் எடையையும் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, “வரேன்” என்றாய்.

அம்மா எப்படிப் போனாள் என்று நீ ஏன் கேட்கவில்லை? அதை மட்டும் எழுது. புட்டியை அப்புறம் பார்க்கலாம்.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

கால்நடை டாக்டர் லீவில் இல்லை. நேற்று வேறொரு விஷயமாக எனக்கு எழுதியிருந்தார். கேட்டேன். சாவி எப்போதும் உன் இடுப்பில்தான் தொங்குகிறதாம். எதற்காகக் காரணம் சொல்கிறாய் என்று புரியவில்லை. என் மேல் உள்ள கோபத்தைப் புட்டிமேல் காட்டாதே.

நீ கேட்டதற்குப் பதில். அன்று கேட்டிருந்தால் கை நடுங்கியிருக்கும். கை நடுங்கினால் முதல் எலியிலேயே எல்லாம் போயிருக்கும். முதலில் வேலையை முடித்துவிடுவோம், அப்புறம் கேட்கலாம் என்று நினைத்தேன். முடிந்தபின் கேட்க ஒன்றும் தோன்றவில்லை. மரத்துப்போன பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பது போலத்தான் இருந்தது, இப்போதும் அப்படியே. இங்கே எல்லாரும் என்னை நிதானமானவள் என்கிறார்கள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். கோபப்பட உனக்கு மட்டும் உரிமை இருப்பது போல எழுதாதே. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த ஏழாம் நாள் போன் செய்தேன். டிக்கெட் போட்டுவிட்டுத்தான் செய்தேன். “அம்மா நல்லா சாப்பிடுறா, ரெண்டு நாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க” என்று சொன்னது யார்? அதைக் கேட்டுத்தான் டிக்கெட்டை ரத்து செய்தேன். போன் செய்த நான்காம் நாள் அம்மா போய்விட்டாள் என்று தகவல் வருகிறது. நீ சொன்ன அந்த ஒரு வரியை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று உனக்குத் தெரியாது. உன்னை மன்னிக்கவில்லை. சுற்றி வளைக்காமல் எழுதிவிட்டேன்.

இனி புட்டிக்கு வருகிறேன். இந்த ஆஸ்பத்திரி லிஃப்டை இயக்குபவர் அந்த நாற்பது பேரில் ஒருவர். கனத்த உடம்பு, நாற்காலியிலிருந்து எழுந்தாலே மூச்சு வாங்கும். தினமும் நான் ஏறியதும், “மேடம், நம்ம பேரு லிஸ்ட்ல இருக்குல்ல?” என்பார். இருக்கிறது என்பேன். இந்தச் சோதனைக்காக அவர்கள் எல்லாரும் இப்போது சாப்பிடும் மாத்திரையைப் பன்னிரண்டு வாரம் நிறுத்த வேண்டும். எனக்குப் பதிலாக அவருக்காகவாவது அனுப்பு.

அக்கா


மார்ச் 1

அக்கா,

புட்டிகளை இன்று அனுப்பிவிட்டேன். பன்னிரண்டு வார எலிச் சோதனையின் கடைசி இரண்டு வாரத்தில் எழுபத்தொன்றாம் நாளிலிருந்து எண்பத்தொன்றாம் நாள்வரை உள்ள பன்னிரண்டு புட்டியை மட்டும் தனியாக ஒரு பையில் கட்டியிருக்கிறேன். அவற்றைச் சோதித்தால் எல்லாம் நன்றாக இருக்கும். ஒரு குறையும் வராது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஆறு தேதி, தேதிக்கு இரண்டு புட்டி. வெறும் எண்ணெய் ஒன்று, உன் எண்ணெய் ஒன்று. பன்னிரண்டையும் நான் ஒரே காலையில் நிரப்பினேன். தேதியையும் அப்போதே எழுதிவிட்டேன்.

முந்தின நாள் மாலை அம்மாவைச் சேர்த்திருந்தேன். லீவு கேட்டிருக்கலாம். நீதான் போனில், “கடைசி ரெண்டு வாரம் வேற யார் கையும் படக்கூடாது” என்றாய். சரி என்றேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை தீவனம் கலக்க மூன்று மணி நேரம் ஆகும். அம்மாவைத் தனியாக விட்டு வரமுடியாது. அதனால் ஒரே காலையில் பதினோரு நாளுக்கும் கலந்தேன். சின்ன ஃப்ரிட்ஜில் இடமில்லை. இரண்டு டின்னில் போட்டு மூடி, வெளி அறை மேசைக்கு அடியில் வைத்தேன். தினமும் காலையில் அரைமணி நேரம் ஓடி வருவேன். முந்தின நாள் மிச்சத்தை எடை போட்டு எழுதிவிட்டு, புதிதாக வைத்துவிட்டு ஓடுவேன். கலந்த தேதி எழுதும் கட்டத்தில் மட்டும் இரண்டு நாளைக்கு ஒருமுறை கலந்ததாக எழுதிவைத்தேன்.

ஐந்தாம் நாள் டின்னைத் திறந்தபோது கெட்டுப்போன எண்ணெயின் காறல் வாடை. வெறும் எண்ணெய் டின்னில் மட்டும். உன் எண்ணெய் கலந்த டின் அப்போது கலந்தது போல இருந்தது. எனக்கு அன்று அது ஒன்றும் உறைக்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு அள்ளிப் போட்டேன். எண்பத்திரண்டாம் நாள், அம்மாவைத் தகனம் செய்துவிட்டு வந்து, இரண்டு டின்னையும் காலி செய்து கழுவிப் புதிதாகக் கலந்தேன். மூன்றாம் நாள் நீ வந்தாய்.

போன மாதம் உன் முதல் கடிதத்தில் கந்தகம் காவல் நிற்கும் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோதுதான் உறைத்தது. அது எலிக்கு உள்ளே நிற்பதற்கு முன்னால் டின்னிலேயே நின்றுவிட்டது. பதினெட்டு எலிக்கு நான் துருப்பிடித்த எண்ணெயை ஊட்டியிருக்கிறேன். அதன் ரத்தத்தில் துரு இருக்காமல் வேறென்ன இருக்கும்? நீ கண்டுபிடித்தது உன் மருந்தையா, என் திருட்டுத்தனத்தையா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும்.

நான் பேசாமல் புட்டியை அனுப்பியிருந்தால் சான்று கிடைத்திருக்கும். உன் வேலையும் இருக்கும், என் வேலையும் இருக்கும். மூன்று வாரம் அப்படித்தான் இருக்கலாம் என்று இருந்தேன். டாக்டர் லீவு என்றேன். அப்புறம் நீ அந்த லிஃப்ட்காரரைப் பற்றி எழுதினாய். மூச்சு வாங்குகிற குண்டு மனிதர், மாத்திரையை நிறுத்தத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். எனக்கு ரொம்பத் தெரிந்த ஆள் மாதிரி இருந்தது.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் போடு. இனி உன் கையில். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாளி நிறைந்தால் எடுத்து ஊற்றுகிறேனே, அந்த மாதிரிதான் பயமும். வருகிறது, ஊற்றுகிறேன்.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து எட்டு நாளாயிற்று. மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். புட்டிகளைச் சோதித்தேன். நீ சொன்னபடியே ஒரு குறையும் இல்லை. சான்று அச்சாகி, கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்று மேசைமேல் கிடந்தது. மேலே அது, கீழே நீ. எட்டு நாள் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து மற்ற வேலைகளைப் பார்த்தேன். பசித்தால் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன். அதுதான் எனக்கு ஆச்சரியம்.

நீ ஒன்றை ஒப்புக்கொண்டாய். நானும் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது.

எனக்கு அப்போதே தெரியும். காறல் என்று தெரியாது. ஏதோ தப்பு என்று தெரியும். நீ எழுதிக்கொடுத்த நோட்டை இங்கே கொண்டுவந்து கணக்கிட்டபோது, எழுபத்தாறாம் நாளிலிருந்து அந்தப் பதினெட்டு எலிகளும் தீவனத்தில் பாதியை விட்டுவைத்திருந்தன. போதும் என்று சொல்லவே தெரியாத எலி, அக்கா தின்னவில்லை என்று தம்பியும் தின்னாத மாதிரி, பதினெட்டும் சேர்ந்து தின்னவில்லை. அது எலியின் குற்றமாக இருக்க முடியாது. தீவனத்தில் ஏதோ ஆகியிருக்கிறது என்று எந்த மாணவிக்கும் தெரிந்திருக்கும். எண்பத்திரண்டாம் நாள் திடீரென்று எல்லாம் மறுபடி தின்ன ஆரம்பித்திருந்தன.

தேதியைப் பார்த்தேன். அவை தின்னாத ஆறு நாளும், ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் தொடங்கி அம்மா போன நாள் வரையிலான பதினோரு நாளுக்குள் விழுந்தன. உன்னைப் போனில் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அந்தப் பதினோரு நாளைப் பற்றிப் பேச வேண்டிவரும். அதைப் பேச என்னால் முடியவில்லை. ரத்தத்தின் எண்களோ அழகாக வந்திருந்தன. அதனால் தீவன அட்டவணையிலிருந்து அந்தப் பதினோரு நாளையும் எடுத்துவிட்டேன். அடிக்குறிப்பில் ஒரு வரி போட்டேன்: “பணியாளரின் அளவுப் பிழை காரணமாக இந்நாட்கள் நீக்கப்பட்டன.” அச்சில் அப்படித்தான் இருக்கிறது. அம்மா செத்துக்கொண்டிருந்த நாட்களை எடுத்துப் போட்டுவிட்டுப் பழியை உன்மேல் எழுதினேன். உன் பொய்யின்மேல் என் பொய்யை வைத்துத்தான் அந்தக் கட்டுரை நிற்கிறது.

நேற்று சான்றைக் கிழித்துவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு எழுதியாயிற்று. கமிட்டிக்கும் எழுதியாயிற்று. தீவனம் கெட்டிருந்தது, அதற்கான அறிகுறியைப் பார்த்தும் நாட்களை நீக்கினேன், பொறுப்பு என்னுடையது என்று எழுதினேன். உன்னைப் பற்றி எழுதவில்லை. மாத்திரை ஒருவேளை நல்ல மாத்திரையாகவேகூட இருக்கலாம். அதைச் சொல்ல என்னிடம் இனி எலியும் இல்லை, இடமும் இல்லை. இந்த மாதக் கடைசியில் அறையைக் காலி செய்ய வேண்டும்.

லிஃப்ட்காரரிடம் நானே சொன்னேன். “உங்க பழைய மாத்திரையையே சாப்பிடுங்க, நிறுத்தாதீங்க” என்றேன். “ஏன் மேடம், என் உடம்பு தாங்காதா?” என்றார். “இல்ல, என் கணக்குதான் தப்பு” என்றேன். பொத்தான்களின் பக்கம் திரும்பினார். அப்புறம், “எத்தனாவது மாடி?” என்று கேட்டார். பல மாதமாக என் மாடி அவருக்குத் தெரியும்.

இப்போது கேட்கிறேன். பதினைந்து மாதம் தாமதம். அந்தப் பதினோரு நாளை எனக்கு எழுது. எலியைப் பற்றி வேண்டாம். அம்மா என்ன சாப்பிட்டாள், என்ன பேசினாள் என்று நாள்வாரியாக எழுது. நல்லா சாப்பிடுகிறாள் என்று ஏன் சொன்னாய் என்பதையும் எழுது.

அக்கா


மார்ச் 23

அக்கா,

நீ எழுதாவிட்டால் நான் தப்பித்துவிடுவேனா? உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே விலங்குக்கூடத்து நோட்டின் நகலை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போய்விட்டேன். “இவ்வளவு நாள் கழிச்சு ஏன்யா சொல்றே?” என்றார். “இப்பத்தான் புரிஞ்சுது சார்” என்றேன். வேலையை விட்டு அனுப்பவில்லை. வாசல் கேட்டில் போட்டிருக்கிறார். வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொண்டு உள்ளே விடவேண்டும். எலி வாடை இல்லாமல் சட்டை காய்கிறது. அது ஒரு மாதிரியாக இருக்கிறது.

நீ எழுதியதில் எனக்கு ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் கோபம் வந்தது. அளவுப் பிழை என்று அச்சில் போட்டாயே, அதற்கு. கலந்ததில்தான் நான் பொய் எழுதினேன். அளந்ததில் எழுதவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்த நாளிலும் ஒவ்வொரு தட்டையும் தட்டித் துடைத்து, கூண்டுக்கு அடியில் சிந்தியதையும் பொறுக்கித்தான் எடை போட்டேன். ஒரு கிராம் முன்னே பின்னே இருக்காது. அது எனக்குக் கைப்பழக்கம்.

அந்தப் பழக்கத்தால்தான் நீ கேட்டதை என்னால் எழுத முடிகிறது. சேர்த்த மறுநாள் நர்ஸ் வந்து, “பேஷண்ட் எவ்வளவு சாப்பிடறாங்கன்னு பார்த்துச் சொல்லுங்க” என்றாள். எல்லாரும் பாதி, கால் என்று வாயால் சொல்வார்கள். நான் விலங்குக்கூடத்துச் சின்னத் தராசைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். தட்டை வைக்குமுன் ஒரு எடை, எடுத்தபின் ஒரு எடை. அம்மா பார்த்துவிட்டு, “என்னையும் கூண்டுல போட்டுட்டியாடா குண்டு” என்று சிரித்தாள். சட்டைப்பை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். இதுவரை யாருக்கும் காட்டவில்லை. அப்படியே பார்த்து எழுதுகிறேன். எல்லாம் கிராம்.

முதல் நாள். ரொட்டி, பால். கொடுத்தது 220. மிச்சம் 60. நீ எப்போது வருவாய் என்று கேட்டாள். பன்னிரண்டாவது வாரம் முடியும்போது என்றேன். விரலில் எண்ணிப் பார்த்தாள்.

இரண்டாம் நாள். 220. மிச்சம் 75.

மூன்றாம் நாள். 220. மிச்சம் 90. பக்கத்துக் கட்டில்காரியிடம், என் மகள் மருந்து கண்டுபிடிக்கிறாள் என்று சொன்னாள். என்ன மருந்து என்று கேட்டதற்கு, “குண்டா இருக்கறவங்களுக்கு. என் பையன்தான் காரணம்” என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நான்காம் நாள். 200. மிச்சம் 110.

ஐந்தாம் நாள். 200. மிச்சம் 130. என் சட்டையில் என்ன வாடை என்று கேட்டாள். எண்ணெய் என்றேன்.

ஆறாம் நாள். 180. மிச்சம் 150. மிச்சத்தை என்னைச் சாப்பிடச் சொன்னாள். சாப்பிட்டேன். எடை போட்ட பிறகுதான்.

ஏழாம் நாள். 150. மிச்சம் 138. சாப்பாட்டு நேரத்தில் நீ போன் செய்தாய். டிக்கெட் போட்டுவிட்டேன் என்று நீ சொன்னது அவளுக்கும் கேட்டது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “நல்லா சாப்பிடுறேன்னு சொல்லு. பாதியில விட்டுட்டு வந்தா அவ வேலை கெட்டுடும்” என்றாள். தட்டு என் மடியில் இருந்தது. சொன்னேன்.

எட்டாம் நாள். 150. மிச்சம் 141.

ஒன்பதாம் நாள். பால் மட்டும். 100. மிச்சம் 92.

பத்தாம் நாள். பால். 80. மிச்சம் 77. அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

பதினோராம் நாள். பால். கொடுத்தது 60. மிச்சம் 60.

அளந்ததில் பிழை இல்லை.

தம்பி